ஏழு மணி வேஷம்

ஹனூர் பக்கம், தோட்டத்து வீடு
14.06.2024

மதிப்புக்குரிய சிஸ்டர் செலினம்மாவுக்கு,

காளியப்பன் எழுதுவது. எந்தக் காளியப்பன் என்று யோசிக்க வேண்டாம். மாசி மாதம் உங்கள் வார்டில் பதினோராம் நம்பர் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு நாள் கிடந்தேனே, அதே ஆள்தான். எலும்பு கூடிவிட்டது. நடை மட்டும் வலது பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பரவாயில்லை, இந்த வயசில் யார் என்னை ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

இந்தக் கடிதத்தைக் கொடுத்த பசவராஜ், தேவராஜ மார்க்கெட்டில் என் பூவை எடுத்து விற்கும் வியாபாரி. சனிக்கிழமை தோறும் கோயில் பீடத்துக்கு வெள்ளைச் செவ்வந்தி வாங்க அங்கே வருவதாக நீங்கள் வார்டில் சொன்னது நினைவிருந்தது. அதனால்தான் விடிகாலை டெம்போவில் போகும் கூடைக்குள் இதை வைத்து அனுப்பினேன். பதில் எழுதினால் அவரிடமே கொடுக்கலாம். வெறுங்கூடையோடு திரும்பி வந்துவிடும்.

போன் செய்யலாமே என்று கேட்பீர்கள். எனக்குப் போனில் மெல்லப் பேச வராது. நான் ஹலோ என்றால் பக்கத்துத் தோட்டத்துக் கெம்பையன் "ஏனுங்க, கூப்டீங்களா?" என்று வரப்புக்கு வந்துவிடுகிறான். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. என் மகன் உமேஷும் மருமகள் மீனாவும் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. நான் நேர்மாறு. திருப்பூர் மில்லில் பன்னிரண்டு வருஷம் இருந்தபோது டீக்கடைப் பேப்பரை எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தவன், கன்னட எழுத்து இன்றைக்கும் பிடிபடாது. ஆகவே இந்த வீட்டில் தமிழ்க் கடிதத்தைக் கட்டில்மேல் விரித்துப் போட்டாலும் பத்திரம்தான்.

விஷயம் இதுதான். ஏழு மணி சீரியலை நான் விடவில்லை. அப்பாவைக் கெடுத்த குடும்பத்தைப் பழிவாங்க யாழினி தன் பெயரை மங்கை என்று மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே சமையல்காரியாகப் போனாள் அல்லவா? போன இடத்தில் அந்த வீட்டுப் பையன் நிலவன்மேலேயே மனசு போய்விட்டது. நீங்கள் ஊசி போட வந்தால் விளம்பரம் வரும்வரை என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பீர்கள். "இந்தப் பொண்ணு இன்னும் சொல்லலையே!" என்று நீங்கள் பதைப்பதைப் பார்க்கவே எனக்கு வேடிக்கையாக இருக்கும். இப்போதும் சீரியல் ஓடுகிறது. பக்கத்தில் நின்று பதைக்க ஆள் இல்லை. என் மனைவி சித்தம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, இப்படி ஓர் ஆள் குறைவதை நான் உணர்ந்து ரொம்ப நாளாயிற்று.

தப்பாக எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

காளியப்பன்


மைசூர்
23.06.2024

காளியப்பன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் இப்படி எழுதுவது சரியில்லை. பசவராஜ் கூடையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டியபோது பக்கத்தில் எங்கள் கோயில் ஆட்கள் இரண்டு பேர் பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துச் சீட்டு என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

காலுக்குக் காலையும் மாலையும் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா? செய்யமாட்டீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். அந்தக் காலைத் தரையில் ஊன்றி நிற்க வைக்க நான் பட்ட பாட்டை வீணாக்க வேண்டாம்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வியாழக்கிழமை பார்த்தீர்களா? நிலவன் சமையல்கட்டு வாசலில் நின்று, "மங்கை, நீ யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சவங்கள்ல நீ மட்டும்தான் உண்மை" என்றானே, எனக்கு அழுகை வந்துவிட்டது. பைத்தியக்காரன், அவள் ஒருத்திதான் அந்த வீட்டில் பொய்! ஹெப்பாள் கம்பெனியில் வேலை செய்யும் என் மகள் ஜோவிதா, கம்பெனி பஸ் பிடித்து ஏழே முக்காலுக்குத்தான் வருவாள். அதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது. "என்னம்மா இது, உண்மையைச் சொன்னா ஒரே எபிசோட்ல முடிஞ்சிரும், சும்மனே இழுக்கறாங்க" என்பாள். சொல்லாமல் இருப்பதுதான் கதை என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. மறைக்க அவளிடம் என்ன இருக்கிறது?

இனி எழுத வேண்டாம். எழுதினால் கூடையின் அடியில் வையுங்கள், மேலாக வைக்காதீர்கள்.

செலின்


ஹனூர்
26.07.2024

செலினம்மாவுக்கு,

அடியிலேயே வைத்திருக்கிறேன். இது ஐந்தாவது கடிதம். எழுத வேண்டாம் என்று நீங்கள் எழுதியது நான்கு தடவை.

மீனா என்னைப் பிடித்துவிட்டாள். கடிதத்தை அல்ல, சீரியலை. "மாமா, உங்களுக்கு எப்ப இருந்துங்க இந்தப் பைத்தியம்?" என்றாள். ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது, மாத்திரை போட்டும் போகவில்லை என்றேன். சிரித்துவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண். அவளிடம் மறைக்க எனக்கு மனசே இல்லை. என் பக்கத்தில் ஒளிக்க ஒன்றும் கிடையாது செலினம்மா. நீங்கள் தலையசைத்தால் அன்றைக்கே உமேஷைக் கூப்பிட்டு, "இன்ன மாதிரி ஒரு அம்மா, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுவேன். ஊர் பேசும், பேசட்டும். நீங்கள் வேறு மதம், வேதக்காரர் என்பார்கள். இருந்தால் என்ன, என் காலைப் பிடித்தபோது நீங்கள் சாமி பார்த்தா பிடித்தீர்கள்?

ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் வருகிறேன். ஆற்றங்கரையில் பத்து மணிக்கு இருப்பேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வராவிட்டால் ரங்கநாதரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவரும் என்னை மாதிரி படுத்துக் கிடப்பவர்தானே.

காளியப்பன்


மைசூர்
11.08.2024

அன்புள்ள காளியப்பன் அவர்களுக்கு,

அன்றைக்குப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. மாஸ்க்கும் ஜோவிதாவின் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து உங்கள் எதிரிலேயே நின்றேன், நீங்கள் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, ஒருத்தர் வரணும்" என்றீர்களே! நினைத்து நினைத்து வார்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். லிங்கம்மா என்கிற ஆயா, "என்ன சிஸ்டர், லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

ஆறு அப்படிப் பெருகி ஓட, போலீஸ் கயிறு கட்டி யாரையும் இறங்கவிடாமல் நிறுத்த, நாம் இரண்டு பேரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் என்ன பேசினோம்? முக்கால் மணி நேரம் மங்கையைப் பற்றித்தான். மீதி நேரம் நீங்கள் கடலை உரித்துக் கொடுத்தீர்கள், நான் தின்றேன். என் கணவர் இறந்து பதினோரு வருஷமாக யாரும் எனக்கு ஒன்றும் உரித்துக் கொடுத்ததில்லை. பஸ்ஸில் முழுவதும் அதுவே நினைப்பாக இருந்தது.

தலையசைக்கச் சொல்லிக் கடிதத்தில் நீங்கள் கேட்டதற்கு அங்கே பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஜோவிதாவுக்கு ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. பையன் பெயர் கிளைவ். அவன் அம்மா ரொம்பக் கட்டுப்பாடு. பெண் பார்க்க வந்தபோதே, "வீட்ல ஆம்பளை இல்லாம எப்படி சிஸ்டர் மகளைக் கரை சேர்த்தீங்க? உங்களைப் பத்தி யாரும் ஒரு சொல் சொல்லலை" என்று மெச்சினார். அந்த மெச்சல் என் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது. என் அண்ணன் எலியேசருக்குத் தெரிந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். கல்யாணம் முடியட்டும். அதுவரை மங்கை மாதிரி நானும் வேறு ஆளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

செலின்


ஹனூர்
18.10.2024

செலினுக்கு,

பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தசரா கூட்டத்தில் டெம்போ நகர முடியாமல் பூவெல்லாம் வாடிப்போனது. அதில் உங்கள் கடிதமும் மாட்டி மூன்று நாள் தாமதமாக வந்தது. சாமந்தி வாடியதைவிட எனக்கு அதுதான் வருத்தம்.

கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை படிப்பார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வழக்கம். எங்கள் ஊரில் தடை சொல்பவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் சொல்வார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நான் அந்தக் கல்யாணத்தைப் பார்க்கக் கூடாதா? கடைசி வரிசையில் ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போய்விடுவேன். நீங்கள் பட்டுச் சேலையில் நிற்பதை ஒரு தடவை பார்த்தால் போதும். வெள்ளை உடுப்பிலும் மாஸ்க்கிலும் தவிர உங்களை நான் பார்த்ததில்லை.

காளியப்பன்


மைசூர்
27.10.2024

அன்புள்ள உங்களுக்கு,

ஏன் மூலையில் நிற்க வேண்டும்? எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.

கோயில் ஜோடனைக்குப் பூ வேண்டும். பசவராஜ் வழியாக ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அந்த ஆள் நீங்கள்! உங்கள் தோட்டத்துப் பூவோடு டெம்போவில் வாருங்கள். வாசல், பீடம், பெஞ்சு ஓரம் எல்லாம் நீங்களே கட்டுங்கள். பூசை முடியும்வரை உள்ளே நிற்கலாம், பூக்காரரை யார் கேட்கப் போகிறார்கள்? மங்கை சமையல்காரியாகப் போனாள், நீங்கள் பூக்காரராக வருகிறீர்கள். நூறு பேர் நடுவில் நமக்கு மட்டும் தெரியும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். ஆனால் என் மகள் பீடத்துக்கு நடந்து போகிற வழியெல்லாம் உங்கள் கை கட்டிய பூ இருக்கும். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஒரே ஒரு நிபந்தனை. மறந்தும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

நான்கு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூட நான் இப்படி இருந்ததில்லை.

உங்கள் செலின்


ஹனூர்
29.11.2024

சிஸ்டர் அவர்களுக்கு,

ஜோவிதா கல்யாணம் நல்லபடி முடிந்ததாகப் பசவராஜ் சொன்னார். வாசலில் வந்து இறங்கியபோது பெண் மகாலட்சுமி மாதிரி இருந்தாள். உங்கள் சேலை மயில் கழுத்து நிறம். பார்த்துவிட்டேன்.

நிபந்தனையை மீறியது நான்தான். பூசைக்கு உள்ளே போகும்போது நீங்கள் கோயில் படியில் கால் இடறியதும் ஏணியில் இருந்தவன் எப்படி இறங்கினேன் என்றே தெரியவில்லை. முழங்கையைப் பிடித்து, "பாத்துங்க செலினம்மா" என்றுவிட்டேன். வாயில் வந்துவிட்டது. உங்கள் அண்ணன், "யார்யா நீ? பேர் சொல்லிக் கூப்பிடறே? யாரு செலின் இந்த ஆளு?" என்று கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியாதுண்ணா, பூக் கட்ட வந்த கூலியாளு" என்றீர்கள். நான் "தப்புங்க சார்" என்று கும்பிட்டேன். பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். போனேன்.

வேஷம் என்று எனக்கும் தெரியும். டெம்போவில் வரும் வழியெல்லாம் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் செலினம்மா, சீரியலில் மங்கையை யாராவது வேலைக்காரி என்று சொன்னால் கேமரா அவள் முகத்துக்குப் போகும், பார்க்கிற நமக்கெல்லாம் அவள் யாரென்று தெரியும். அந்த வாசலில் எனக்கு அப்படி யார் இருந்தார்கள்? நான் யாரென்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களே தெரியாது என்ற பிறகு நான் கூலியாளேதான்.

உங்கள்மேல் கோபம் இல்லை. ஆசை போகவும் இல்லை, அதுதான் கஷ்டம். ஆனால் இனி கூடைக்குள் என்னால் எழுத முடியாது. பூவை வேறு ஊர் மார்க்கெட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். சீரியலும் பார்ப்பதில்லை. மீனா கூப்பிட்டாள், தலைவலி என்றுவிட்டேன்.

காளியப்பன்


மைசூர்
08.12.2024

என் அன்புள்ளவருக்கு,

எங்கள் இராயப்பர் தன் ஆண்டவரையே சேவல் கூவுவதற்குள் மூன்று முறை தெரியாது என்றார். நான் ஒரே முறையில் முடித்துவிட்டேன். அன்றைக்குப் பூசையில் பாட்டு ஒன்றும் என் வாயில் வரவில்லை. பந்தியில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பூக்காரர் சாப்பிட்டாரா என்று லிங்கம்மாவிடம் கேட்டேன். அவர் அப்போதே போய்விட்டார் என்றாள். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி வந்தவரைப் பட்டினியாக அனுப்பியிருக்கிறேன்.

பயத்தில் சொல்லிவிட்டேன் என்று எழுதலாம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை உங்களிடமாவது சொல்கிறேன். எனக்கு அந்த ஒளிவுமறைவு பிடித்திருந்தது. கணவன் போன பிறகு நான் வெறும் ஜோவிதாவின் அம்மா, மூன்றாவது வார்டு சிஸ்டர். எல்லோருக்கும் என்னைப் பற்றி எல்லாம் தெரியும். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்துதான் எவருக்கும் தெரியாத ஒருத்தி எனக்குள் இருந்தாள். மார்க்கெட்டில் நடக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, அவள் இருக்கிறாள் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும். அவளை வெளியே விட எனக்கு மனசு வரவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்த பிறகு ஜோவிதாவின் பேறுகாலம் முடியட்டும் என்றிருப்பேன். எனக்கு அந்தத் தவிப்பு வேண்டியிருந்தது, அதற்கு விலையாக உங்களைக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் பார்ப்பதில்லை என்பதால் சொல்கிறேன். நிலவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். மறுநாளே யாழினிக்கு விபத்து, நினைவு போய்விட்டது. இன்னும் ஒரு வருஷம் இழுப்பார்கள். அவர்களுக்கென்ன, இழுக்கலாம். எனக்கு நினைவு நன்றாகவே இருக்கிறது. என் முழங்கையில் உங்கள் பிடி இன்னும் இருக்கிறது, நீங்கள் கும்பிட்ட கையும் கண்ணில் இருக்கிறது.

செலின்

21.12.2024. இந்தக் கடிதத்தைப் பசவராஜ் இன்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "அவர் டெம்போ இப்ப வர்றதில்லே சிஸ்டர், கூடையும் இல்லே" என்றார். எவ்வளவோ பூக்கூடைகள் அங்கே இருந்தன. கையில் கடிதத்தோடு அத்தனை கூடைக்கும் நடுவில் நின்றேன். உங்கள் முகவரி எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நானே எழுதியது. தபாலில் போட்டால் மூன்று நாளில் வந்துவிடும். அப்படியிருந்தும் இந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட எனக்குத் தபால்பெட்டி தோன்றவில்லை பாருங்கள். தமிழில் எழுதி ஒட்டி அனுப்பினால் இதுவும் ஒரு மறைவுதான். வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வருகிறார். முதலில் அவரிடம் சொல்லிவிட்டு அப்புறம் எழுதுகிறேன்.


[அஞ்சலட்டை. கன்னடத்தில் எழுதப்பட்டது]

மைசூர்
06.01.2025

திரு. காளியப்பன் அவர்களுக்கு,

நான் செலின், நர்ஸ், மைசூர். போன வருஷம் கால் முறிந்து நீங்கள் படுத்திருந்த வார்டு என்னுடையது.

நவம்பர் 23-ம் தேதி கோயில் வாசலில் என் அண்ணன் உங்களைக் காட்டி யார் என்று கேட்டார். தெரியாது, கூலியாள் என்றேன். அது பொய். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேஜையில், மகள், மருமகன், சம்பந்தியம்மா எல்லோரும் இருக்கும்போது அண்ணனிடம் சரியான பதிலைச் சொல்லிவிட்டேன்: அவர் பெயர் காளியப்பன், ஹனூரில் நான்கு ஏக்கர் பூ விவசாயம், அவர் சம்மதித்தால் அவரோடு மீதி நாளை வாழ ஆசைப்படுகிறேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர் இன்னும் பேசவில்லை. சம்பந்தியம்மா முகம் சரியில்லை. ஜோவிதா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "அவங்க அன்னைக்குச் சாப்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

உங்களுக்குக் கன்னடம் படிக்க வராது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். உமேஷ், மீனா, உங்களில் யார் கையில் இது கிடைத்தாலும் அவரை உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். வழியில் போஸ்ட்மேன் படித்திருந்தாலும் சரி.

12-ம் தேதி ஞாயிறு காலைப் பூசை முடிந்து பஸ் ஏறுகிறேன். மதியத்துக்குள் ஹனூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். அவர் வந்தால் அத்தனை பேர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "இந்தம்மா யாரு?" என்று யாராவது அவரைக் கேட்டால், தெரியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. சொன்னால் நின்று கேட்டுக்கொள்வேன்.

செலின்